முட்டைக்கோஸ் தலை, ரப்பர் தோல், இருநூறு தொண்டை

செய்முறை எழுதிக்கொள்ளுங்கள். தேவையானவை: பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒன்று, மெல்லிய மரச்சிம்பில் பின்னிய பழக்கூடை ஒன்று, தண்ணீர் கொஞ்சம். நனைத்த கையுறையை மாட்டிக்கொண்டு மைக்குக்கு நேராகக் கையை நீட்டுங்கள். மெதுவாக, ரொம்ப மெதுவாக, கையுறையை உருவுங்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் நிற்பவர் கூடையை நசுக்க வேண்டும். முடிந்தது! ஒரு முழு மனிதனை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டிப்போட்டாயிற்று. பரிமாறும் அளவு: ஒரு நாட்டுக்கே போதும்.

அமெரிக்க வானொலியில் 'லைட்ஸ் அவுட்' என்ற திகில் தொடரின் சமையல் குறிப்பு இது. 1934இல் சிகாகோவில் வில்லிஸ் கூப்பர் தொடங்கி, பிறகு ஆர்ச் ஓபோலர் கைக்குப் போன தொடர். அந்த ஸ்டுடியோவின் சாமான் பட்டியலைப் பார்த்தால் யாரோ விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள் என்றுதான் தோன்றும். தலையைச் சீவ முட்டைக்கோஸ். எலும்பை முறிக்கப் பன்றி விலாவும் ஒரு ஸ்பேனரும். மின்சார நாற்காலியில் ஒருவன் துடிக்க, வாணலியில் பன்றிக்கறி. நள்ளிரவில் கேட்டவர்கள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். ஸ்டுடியோவில் இருந்தவர்களுக்குப் பசித்திருக்கும்.

இன்றைக்கு அறிபுனை, மாயக்கதை, திகில் மூன்றும் காதுவழியாக நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாட்காஸ்ட் தொடர்கள், ஒலி நாடகங்கள், நாற்பது ஐம்பது மணி நேரம் ஓடும் ஒலிநூல்கள் என்று கொட்டிக் கிடக்கின்றன. ஞாயிறு மதியம் ஒலிச்சித்திரம் கேட்டு, திரையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தாங்களாகவே முடிவுசெய்துகொண்ட தலைமுறைக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் திரைக்குப் பின்னால், மன்னிக்கவும், மைக்குக்குப் பின்னால் நடக்கும் கூத்து இருக்கிறதே, அதைப் பார்க்காமல் விடலாமா? வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே. சத்தம் போடாமல்!

காய்கறிக்குப் பெயர் வைப்பவர்

முதல் ரகசியத்தை வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ரப்பர் கையுறைச் சத்தத்தை மட்டும் தனியே எடுத்து யாருக்காவது போட்டுக் காட்டுங்கள். பாத்திரம் கழுவி முடித்தீர்களா என்று கேட்பார்கள். பயம் ஒரு சொட்டும் வராது. அதற்கு முன்னால் ஒரு நடிகர் நடுங்கும் குரலில், அந்த ஆள் உடம்பு திரும்புகிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், கேட்பவர் மூளை பாக்கி வேலை முழுவதையும் தானே பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கலையின் மொத்த சூட்சுமமும் இதில் அடக்கம். சத்தம் பாதி, அதற்குப் பெயர் வைக்கும் குரல் பாதி. பெயர் வைக்கப்படாத சத்தம் வெறும் காய்கறி.

டாக்டர் ஹூ தொடரில் காலத்தைக் கடந்து பறக்கும் டார்டிஸ் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் பிரையன் ஹாட்ஜ்சன் என்ற இளைஞர் அதற்குச் சத்தம் தேடினார். கையில் கிடைத்தது அம்மா வீட்டுச் சாவி. பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகளில் அந்தச் சாவியை வைத்துத் தேய்த்தார். பதிவானதை நாடாவில் போட்டுத் திருப்பி, இழுத்து, எதிரொலி சேர்த்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அதை விண்வெளிக் கலம் கிளம்பும் சத்தம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறது!

தொலைக்காட்சியில் அந்தத் தொடர் நின்றுபோயிருந்த காலத்தில், 1999 ஜூலையில், பிக் ஃபினிஷ் என்ற ஆங்கிலேய நிறுவனம் அதே டாக்டரை ஒலி நாடகமாகப் பிழைக்க வைத்தது. அதன் தூண்களில் ஒருவரான நிக்கோலஸ் பிரிக்ஸ்தான் டாலெக் எனும் உலோக அரக்கர்களின் குரல். ரிங் மாடுலேட்டர் என்ற மின்கருவி வழியாகப் பேசுவார். அவர் வாயில் கிளம்பும் குரலைக் கருவி ஒரு தாழ்ந்த அதிர்வோடு பெருக்க, ஒவ்வொரு எழுத்தும் படபடவென்று நடுங்கி வெளியே வரும். குரலை நடுங்கச் செய்தது கருவி. வெறுப்பு மட்டும் பிரிக்ஸின் சொந்தச் சரக்கு.

ஒரே மாடிப்படி, மூன்று வீடு

அடுத்த அறை. பிபிசியின் வானொலி நாடக ஸ்டுடியோக்களில் எங்கும் போகாத ஒரு மாடிப்படி இருக்கும். ஏறினால் சுவர்தான். ஆனால் ஒரே படிக்கட்டில் ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் மரம், மற்றொரு பக்கம் கம்பளம். காலை எந்தப் பக்கம் வைக்கிறீர்களோ அதுதான் வீடு. கல்லில் ஏறினால் கோட்டை, மரத்தில் ஏறினால் பேய் வீடு, கம்பளத்தில் ஏறினால் பணக்கார மாமாவின் மாளிகை. பக்கத்தில் தனியாக ஒரு கதவு, அதில் விதவிதமான பூட்டு, தாழ்ப்பாள், அழைப்பு மணி எல்லாம். சரளைக் கல் நிரப்பிய தட்டு. பனியில் நடக்க வேண்டுமா? சோளமாவு நிரப்பிய தோல்பையை அமுக்கினால் நறுக் நறுக்கென்று அண்டார்க்டிகா.

அதைவிட விநோதம், வெட்டவெளியை நான்கு சுவருக்குள் அடைத்து வைத்திருப்பது. சுவரெல்லாம் சத்தத்தை விழுங்கும் பொருளால் மூடிய ஓர் அறை. அங்கே பேசினால் குரல் எதிலும் பட்டுத் திரும்பாது. திரும்பி வராத குரலைக் கேட்டதும் நம் காது, 'ஓ, இவர்கள் வெளியே நிற்கிறார்கள்' என்று தீர்மானித்துவிடுகிறது. பாலைவனம், புல்வெளி, செவ்வாய்க் கிரகம் எல்லாமே அந்த அறைக்குள்தான்.

1978 மார்ச் 8 அன்று பிபிசி வானொலி 4இல் டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' தொடங்கியது. நாவல் பிற்பாடு வந்தது. முதலில் பிறந்தது ஒலி நாடகம். அதில் அண்டத்திலேயே அதிகம் மனமொடிந்த ரோபோ மார்வின். அவன் குரலை மட்டும் தனியாகப் பிடித்து உலோகமாக்க வேண்டும், மற்றவர் குரல் அதில் கலந்துவிடக் கூடாது. என்ன செய்தார்கள்? நடிகர் ஸ்டீபன் மூரை மைக்கோடு அலமாரிக்குள் அனுப்பிவிட்டார்கள்! மற்றவர்கள் வெளியே கூடி நின்று சிரித்து நடிக்க, மார்வின் இருட்டில் தனியே புலம்பினான். அந்தச் சலிப்பில் பாதி நடிப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அலமாரிக்குப் பதில் தலை வந்துவிட்டது. ஆம், ஒரு பொம்மைத் தலை. இரண்டு காதுத் துளைகளுக்குள்ளும் மைக். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும்போது கொசு எந்தப் பக்கம் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? அதன் ரீங்காரம் ஒரு காதுக்கு முன்னதாகவும் மற்றதற்கு ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான தாமதத்திலும் போய்ச் சேர்கிறது. காதுமடலின் வளைவு ஒலியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுக்கிறது. பொம்மைத் தலை இந்தக் கணக்கை அப்படியே பதிவுசெய்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் நடிகர் உங்கள் பிடரிக்குப் பின்னால் வந்து முணுமுணுக்கிறார்.

நாடக இயக்குநர் சைமன் மெக்பர்னிக்கு இந்தத் தலையின் மேல் தனி மோகம். 2015இல் 'தி என்கவுன்டர்' மேடை நாடகத்தில் தலையை நடுமேடையில் நிறுத்தி, பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஹெட்ஃபோன் கொடுத்தவர். அவரும் எழுத்தாளர் ராபர்ட் மக்ஃபார்லேனும் சேர்ந்து சூசன் கூப்பரின் 'தி டார்க் இஸ் ரைசிங்' மாயக்கதையை பிபிசி உலக சேவைக்காக 12 பகுதிகளில் ஒலி நாடகமாக்கினார்கள். கதை தொடங்குவது டிசம்பர் 20 இரவு. ஒலிபரப்பு தொடங்கியதும் 2022 டிசம்பர் 20! கதையில் பனி கொட்டும் அதே நாளில் கேட்பவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியேயும் குளிர்காலம். நாள்காட்டியையே ஒலிக்கருவியாக்கிவிட்ட குறும்பு.

வயிற்றுக்குள் ஒரு வில்லன்

நாடகக் கூட்டத்தை விட்டு வெளியே வந்தால், ஓர் ஆள் மட்டும் நுழையும் சின்ன அறை. ஒலிநூல் வாசிப்பவர் இங்கேதான் டிராகனாக, இளவரசியாக, விஞ்ஞானியாக மாறுகிறார். அவருடைய பரம எதிரி யார் தெரியுமா? அவர் வயிறு.

மைக்குக்கு வயிற்றின் கடகட சத்தம் இடிமுழக்கம். அதனால் பசியோடு உட்காரக் கூடாது, வயிறு முட்டத் தின்றும் உட்காரக் கூடாது. வளையல், கொலுசு, சரசரக்கும் துணி எல்லாம் வெளியே. வாய் உலர்ந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே 'டிக் டிக்' என்று எச்சில் சத்தம் விழும். அதற்குப் பச்சை ஆப்பிள் கடிப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். காகிதம் புரட்டும் சத்தம் போய் இப்போது திரையில் விரல்தான் நகர்கிறது. தவறு விட்டால் மென்பொருள் சில விநாடி பின்னால் போய் அவருடைய குரலையே அவருக்குப் போட்டுக் காட்டும்; சரியான இடத்தில் அதே மூச்சு, அதே சுருதியில் உள்ளே குதிக்க வேண்டும். இதற்குப் பெயர் பஞ்ச் அண்ட் ரோல். ஓடும் பேருந்தில் ஏறத் தெரிந்தவர்களுக்குச் சுலபமாக வரும்.

ஆங்கில ஒலிநூல் உலகில் தோராயமாக 9,300 சொற்களை ஒரு மணி நேரம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு அறைக்குள் இரண்டு மணி நேரமாவது போகும். மாயக்கதை என்றால் வேலை இரட்டிப்பு. எழுத்தாளர் உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடித்த ஊர், பேர், மந்திரம், அரக்கர் குலம் அத்தனைக்கும் உச்சரிப்புப் பட்டியல் வேண்டும். எந்தப் பாத்திரம் எந்தக் குரலில் பேசியது என்பதற்கு மாதிரித் துண்டுகளைச் சேமித்து வைக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் இரண்டு வரி பேசிவிட்டுப் போன குதிரைக்காரன் நாற்பதாம் அத்தியாயத்தில் அரசனாகத் திரும்பி வருவான். அவன் குரல் என்ன?

நடிகர் ஆண்டி செர்கிஸ் 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், 'தி ஹாபிட்' நாவல் முழுவதையும் இணையத்தில் நேரலையாக ஒரே அமர்வில் வாசித்தார். நன்கொடை திரட்டுவதற்காகச் சுமார் பதினோரு மணி நேரம்! அடுத்து அதையும் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களையும் முறையாக ஒலிநூலாக்கினார். திரைப்படத்தில் கோலம் என்ற பாத்திரமாக நடித்தபோது தொண்டை கிழியாமலிருக்க அவர் குடித்தது 'கோலம் ஜூஸ்': தேன், எலுமிச்சை, இஞ்சி. ஹாலிவுட்டின் அதிரகசியக் கஷாயத்தை நம்மூர்ப் பாட்டிகள் காலங்காலமாக இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வாயா, இருநூறு வாயா?

இப்போது இந்தத் தொழிலின் குடுமிப்பிடிச் சண்டைக்கு வருவோம். ஒருவரே எல்லாம் பேசுவதா, ஆளுக்கொரு பாத்திரமா?

ஒற்றை வாய் அணியின் பெருமைகளைக் கேளுங்கள். ராய் டாட்ரிஸ் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஒலிநூலில் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்து கின்னஸில் ஏறினார். ஜிம் டேல் ஹாரி பாட்டரின் கடைசி நாவலில் 146 குரல் பேசினார். இப்போது சக்கைப்போடு போடுவது மாட் டின்னிமனின் 'டஞ்சன் க்ராலர் கார்ல்'. பூமியின் கட்டடங்கள் எல்லாம் ஒரு நொடியில் உள்ளே இறங்கிவிட, மிஞ்சியவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் நடத்தும் நிலவறை விளையாட்டில் சிக்குகிறார்கள். நாயகனுக்குக் கால்சட்டை கிடையாது. துணைக்கு இளவரசி டோனட் என்ற வாயாடிப் பூனை. ஜெஃப் ஹேஸ் ஒருவரே கார்ல், பூனை, அசுரர்கள், நிலவறையின் கிறுக்கு அறிவிப்பாளர் என்று எல்லாவற்றையும் பேசுகிறார். ஒரு குழுவே நடிக்கிறது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தோன்றும்!

ஆண்டி வியரின் 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி' இன்னொரு வித்தை. ராக்கி என்ற வேற்றுக்கிரகப் பொறியாளர் பேசுவது சொற்களில்லை, ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள். அச்சுப் புத்தகத்தில் அதற்கு இசைக்குறிகள் போட்டிருந்தார்கள். ஒலிநூலில் அந்தச் சுரங்கள் நிஜமாகவே ஒலிக்கின்றன. நாயகனுக்கு அது புரியத் தொடங்கியதும் வாசிப்பவரான ரே போர்ட்டரின் குரல் சுரங்களோடு சேர்ந்து வருகிறது. நாயகன் பாஷை கற்றுக்கொள்வதை நம் காதும் கூடவே கற்றுக்கொள்கிறது. ஒலிநூல்களுக்கான 2022இன் ஆடி விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த ஒலிநூல் இதுதான்.

எதிரணியும் சும்மா இல்லை. கல்லறையில் பேய்கள் கூடிப் பேசும் ஜார்ஜ் சாண்டர்ஸின் 'லிங்கன் இன் தி பார்டோ'வுக்கு 2017இல் 166 பேர் குரல் கொடுத்தார்கள். ஆர்வெலின் '1984' ஆடிபிள் என்ற ஒலிநூல் நிறுவனத்தில் ஒலி நாடகமானபோது ஆண்ட்ரூ கார்ஃபீல்டு வின்ஸ்டன், சிந்தியா எரிவோ ஜூலியா, ஆண்ட்ரூ ஸ்காட் ஓ'ப்ரையன், டாம் ஹார்டி பெரியண்ணன். வெளியான நாள் 2024 ஏப்ரல் 4. வின்ஸ்டன் தன் திருட்டு நாட்குறிப்பில் முதன்முதலாக எழுதும் தேதியும் ஏப்ரல் 4! யாரோ ஒரு விளம்பரப் பிரிவுக்காரர் நாவலை உண்மையிலேயே படித்திருக்கிறார்.

2025 நவம்பர் 4 அன்று வந்தது பெரும்படை. ஜிம் டேலும் ஸ்டீபன் ஃப்ரையும் தனியாளாகச் சுமந்த ஹாரி பாட்டரை இருநூறுக்கும் மேற்பட்ட நடிகர்களை வைத்து முதல் நாவலிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். ஹ்யூ லாரி டம்பிள்டோர், ரிஸ் அகமது ஸ்னேப், கதைசொல்லி குஷ் ஜம்போ. டால்பி அட்மோஸ் ஒலியில் ஆந்தை தலைக்கு மேல் பறக்கும், படிக்கட்டு காலுக்குக் கீழே நகரும்.

என் ஓட்டு யாருக்கு? கூட்டம் இடத்தைக் காட்டுகிறது. தனிக்குரல் மனத்தைக் காட்டுகிறது. அரண்மனை விருந்துக்கு இருநூறு பேர் வரட்டும். ஆனால் இருட்டில் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒருவர் போதும். இரண்டு பேர் சொன்னாலே துணைக்கு ஆள் இருக்கிறது என்ற தைரியம் வந்துவிடும்!

ரெக்கார்டர் ஏன் ஓடுகிறது?

ஒலித் திகிலை எழுதுபவர்களுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி. பேய் துரத்தும்போது யாராவது 'ஐயோ, இதோ பேய் என்னைத் துரத்துகிறது, அதற்கு மூன்று கை' என்று விளக்கிக்கொண்டு ஓடுவார்களா? சத்தத்துக்குப் பெயர் வைக்க ஒருவர் வேண்டும். ஆனால் அவர் பேசுவதற்குக் காரணமும் வேண்டும்.

1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் குழு 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' ஒலிபரப்பில் இந்த முடிச்சை அவிழ்த்தது: கதையை வானொலிச் செய்தியாகவே சொல்லிவிட்டார்கள். விவரிப்பதுதானே செய்தியாளர் வேலை! செவ்வாய்வாசிகளை நேரில் பார்க்கும் செய்தியாளராக நடித்த ஃபிராங்க் ரீடிக், முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்தபோது ஹெர்பர்ட் மாரிசன் கதறிய பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தயாரானார். நிஜத் துக்கத்தில் குரல் எந்த இடத்தில் உடைகிறது என்று பாடம் படித்துவிட்டு, அதே இடத்தில் தன் குரலை உடைத்தார்.

அதே உத்தியின் பேரப்பிள்ளைகள் இன்று ஊரெல்லாம். 2012இல் தொடங்கிய 'வெல்கம் டு நைட் வேல்' ஒரு பாலைவன ஊரின் உள்ளூர் வானொலி. சீசில் பால்ட்வின் வெண்ணெய் வழியும் குரலில், நாய்ப் பூங்காவுக்குள் யாரும் போகக் கூடாது, முக்காடிட்ட உருவங்களைப் பார்க்கக் கூடாது என்று அறிவிப்பார். வானிலை அறிக்கை என்பார். ஒரு பாட்டு ஓடும். லண்டன் ரஸ்டி குவில் நிறுவனத்தின் 'தி மேக்னஸ் ஆர்க்கைவ்ஸ்' 2016 முதல் 2021 வரை 200 பகுதிகள். அமானுஷ்ய வாக்குமூலங்களை ஆவணக்காப்பாளர் ஒருவர் பழைய டேப் ரெக்கார்டரில் வாசித்துப் பதிகிறார். எழுதியவர் ஜொனாதன் சிம்ஸ். நடிப்பவர் ஜொனாதன் சிம்ஸ். பாத்திரத்தின் பெயரும் ஜொனாதன் சிம்ஸ்! போகப் போக அந்த ரெக்கார்டர் யாரும் தொடாமலே 'க்ளிக்' என்று ஓடத் தொடங்கும். பேசுவதற்குச் சாக்காக வைத்த கருவியே கடைசியில் பேயாகிவிட்டது.

2024 ஜனவரியில் வந்த அதன் அடுத்த தொடர் 'தி மேக்னஸ் புரோட்டோகால்'. அதில் அரசு அலுவலகக் கம்ப்யூட்டர்கள் இரவு நேரத்தில் விபரீத வழக்குகளை உரக்க வாசிக்கும். அந்த இயந்திரக் குரல்களில் இரண்டுக்கு உள்ளே இருப்பது யார்? சிம்ஸும் அவருடைய கூட்டாளி அலெக்சாண்டர் ஜே. நியூவாலும். கம்ப்யூட்டர் மனிதன்போலப் பேசப் பார்க்கும் காலத்தில் மனிதர்கள் கம்ப்யூட்டராக நடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

நிஜ உலகில் 2025 மே மாதம் ஆடிபிள் பதிப்பகங்களுக்குச் செயற்கைக் குரலில் ஒலிநூல் தயாரிக்கும் வசதியை அறிவித்தது. நூற்றுக்கு மேற்பட்ட குரல்களில் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். வரி பிசகாமல் வாசிக்கும், பசிக்காது, பச்சை ஆப்பிள் செலவும் மிச்சம். தகவல் நூல்களுக்கு அது போதுமாக இருக்கலாம். ஆனால் ஒரு மாரிசனின் கதறலைக் கேட்டு, எங்கே உடைவது என்று உட்கார்ந்து யோசிப்பதை யாராவது செய்தாக வேண்டும். முட்டைக்கோஸைத் தலை என்று சொல்பவர், முதலில் தானே அதை நம்பித் திகைக்க வேண்டும். அப்போதுதான் நாம் நம்புவோம்.

சுற்றுலா முடிந்தது. நுழைவுக் கட்டணம் ஒன்றே ஒன்று. அடுத்த முறை ஒலி நாடகம் கேட்கும்போது கடைசியில் வாசிக்கப்படும் பெயர்ப்பட்டியலைத் தாண்டிப் போகாதீர்கள். நடிகர்கள் எல்லாம் போன பிறகு 'ஒலி வடிவமைப்பு' என்று ஒரு பெயர் வேகமாக ஓடும். ராத்திரி மூன்று மணிக்கு உங்களை எழுப்பி உட்கார வைத்தவர் அவர்தான். திட்டுவதென்றாலும் பெயர் சொல்லித் திட்டலாம் அல்லவா?